3 அடியும் 44 செண்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாம்பல் புதனை ஒட்டித் தங்கள் பத்திரிகையில் வந்த சிறு கட்டுரையைப் படித்தேன். இந்த நாற்பது நாளும் எதையெல்லாம் விடலாம் என்று சொல்லியிருந்தது. கறி, மீன், டீ, சீரியல், செல்போன். "உலகப் பற்றுகளை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்போம்" என்று முடித்திருந்தார்கள். குறை சொல்ல எழுதவில்லை. நானும் வருடாவருடம் லெந்தில் டீயை விடுகிறவன்தான் (கத்தோலிக்கர் தவக்காலம் என்பார்கள், நாங்கள் லெந்து என்போம்). இந்த வருடம் நான்காம் நாளே என் மனைவி ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்து, "ஆண்டவருக்காக விட்டது போதும், எனக்காகக் குடிச்சிடுங்க" என்றாள். தலைவலியில் நான் வீட்டில் எல்லோர் மீதும் விழுந்துகொண்டிருந்தேனாம்.

அந்தக் கட்டுரையில் நிலம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு 73 வயது. காட்பாடியில் இருக்கிறேன். 1976 முதல் 2010 வரை நில அளவர் வேலை. சேரும்போது வட ஆற்காடு ஒரே மாவட்டம். 1989-ல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். நான் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து, மீதி இருந்த வேலூரை மூன்றாக்கினார்கள். நான் அளக்காத தாலுகா என்று இந்தப் பக்கம் அதிகம் இல்லை. சங்கிலியைப் பிடித்து ஓடும் செயின்மேன், குறுக்கே நட்ட கோல், நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படம், கல். அவ்வளவுதான் என் வாழ்க்கை. நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் நடந்த 1979 முதல் 1987 வரையான காலத்தில் சில மாதம் வீட்டுக்கே வந்ததில்லை. நான் ஒருவரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை என்று எழுதினால் என்னோடு ஓடிய செயின்மேன்கள் சிரிப்பார்கள். இளநீர், மோர், சீசனில் ஒரு மூட்டை மல்லாட்டை (வேர்க்கடலை). அதற்கு மேல் போகவில்லை என்பதில் ஒரு கர்வமும் இருந்தது.

மனிதர்கள் நிலத்தை எப்படிப் பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். சாகக் கிடக்கிற பெரியவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து வரப்பில் வைத்து, "அப்பா, கல் எங்க இருந்துச்சு, கையைக் காட்டு" என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முழ இடத்துக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் மண்வெட்டியை ஓங்கியதைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு, "எவ்வளவு பற்று பாருங்கள் இந்த ஜனங்களுக்கு" என்று என் மனைவியிடம் சொல்வேன். மோசேயின் சட்டத்தில் அடுத்தவன் எல்லைக்கல்லை நகர்த்துகிறவனுக்குச் சாபம் சொல்லியிருக்கிறது. சபையில் அந்த அதிகாரம் வாசிக்கும்போதெல்லாம் என் வேலைக்கே ஒரு வசனம் இருக்கிறது என்று நிமிர்ந்து உட்காருவேன்.

இனி என் கதை.

என் அப்பா ஆற்காடு மிஷன் பள்ளிகளில் ஒன்றில் வாத்தியார். ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. குடியாத்தம் பக்கம், கவுண்டன்ய ஆற்றை ஒட்டி 1 ஏக்கர் 32 செண்ட் வாங்கிப் போட்டார். ஒரு கிணறு, கிணற்றோரம் மூன்று தென்னை. 1988-ல் இறந்தார். உயில் எழுதவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர்: நான், தம்பி, தங்கை.

தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் இந்துப் பெண்களுக்குச் சம உரிமை வந்தது 1989-ல். அப்போது ஊரெல்லாம் அதே பேச்சு. ஆனால் எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் அதில் மகனென்றும் மகளென்றும் பேதமே கிடையாது. இது எனக்குத் தெரியும். என் வேலையே அது. 132 செண்ட்டை மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 44. இதற்கு நில அளவர்கூட வேண்டாம், அப்பாவின் மூன்றாம் வகுப்புப் பிள்ளை போதும்.

நாங்கள் இரண்டால் வகுத்தோம். ஆளுக்கு 66.

தங்கைக்குக் கல்யாணச் செலவு செய்தாயிற்று, எட்டு சவரன் போட்டாயிற்று என்று கணக்கு. 1991-ல், அவள் தன் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி, கையெழுத்துப் போடக் குடியாத்தத்துக்கு வரச் சொன்னோம். பேரணாம்பட்டிலிருந்து கைக்குழந்தையோடு பஸ்ஸில் வந்தாள். ஆரணிப் பட்டு ஒன்று எடுத்து வைத்திருந்தோம். பத்திரத்தைப் படித்தவள் பேனாவை வாங்கவில்லை. "அவங்க ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாங்கண்ணா" என்று தன் வீட்டுக்காரரைக் காரணம் காட்டினாள். நான் அவளைத் தனியே கூப்பிட்டேன். கூப்பிட்டு என்ன சொன்னேன் என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் எழுதத் தயங்கிய இடம்.

லூக்கா 12-ம் அதிகாரத்தில் கூட்டத்திலிருந்து ஒருவன் இயேசுவிடம், சொத்தைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்கிறான். என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று அவர் திருப்பிக் கேட்கிறார். பிறகு பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். அந்தப் பகுதியை நான் என் தங்கைக்குச் சொன்னேன். "சொத்து என்னம்மா சொத்து, மண்ணுதானே. நமக்கு எதுக்கு அந்த ஆசை? ஆண்டவர்கிட்ட விட்டுடு" என்றேன். எட்டாவது வரை படித்தவள், அண்ணன் மேல் மரியாதை உள்ளவள். கையெழுத்துப் போட்டாள். மதியம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

இப்படி ஒரு வேதபாடம் நடத்தியவன் 2003-ல் என்ன செய்தேன் என்று கேளுங்கள். தம்பி வரப்பை என் பக்கமாக 3 அடி தள்ளிவிட்டான். தள்ளினானா, மழையில் தானாகச் சரிந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. மூன்று அடி அகலம், சுமார் 290 அடி நீளம். இரண்டு செண்ட். அதற்காகப் பதினெட்டு வருடம் தம்பியிடம் நேர்முகமாகப் பேசவில்லை. அவன் பேரன் ஞானஸ்நானத்துக்குப் போகவில்லை. நான் அளந்த சங்கிலி பொய் சொல்லாது என்பேன். "சங்கிலி பொய் சொல்லாது, சர்வேயர் சொல்லுவான்" என்று அவன் ஊரில் சொன்னதாகக் காதுக்கு வரும். லூக்கா 12 அந்தப் பதினெட்டு வருடமும் என் பைபிளில் அதே இடத்தில்தான் இருந்தது.

2021 நவம்பரில் மழை அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கவுண்டன்ய ஆற்றில் நான் என் ஆயுளில் பார்க்காத தண்ணீர். குடியாத்தத்தில் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் நிலத்தில் வரப்பையும் கல்லையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. தண்ணீர் வடிந்த மறுநாள் விடிகாலை போனேன். எனக்கு முன்னாலேயே தம்பி அங்கே கயிறும் முளைக்குச்சியுமாக நின்றுகொண்டிருந்தான். நான் டேப் கொண்டுபோயிருந்தேன். சேற்றில் இந்தப் பக்கம் ஒரு கிழவன், அந்தப் பக்கம் ஒரு கிழவன்.

பத்து மணி வாக்கில் தங்கை வந்தாள். வெள்ளத்தில் அண்ணன்மார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க, தூக்கில் சோறும் புளிக்குழம்பும் கட்டிக்கொண்டு. பேரணாம்பட்டில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்துவிட்டது அவளுக்கு. நாங்கள் கத்திக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "உங்க ரெண்டு பேருக்கும் மூணு அடி. எனக்கு எத்தினி அடிண்ணா?" என்றாள்.

குத்திக் காட்டவில்லை. அவள் சுபாவம் அது இல்லை. கேட்டுவிட்டுத் தூக்கைத் திறந்து, "ஆறிடும், வாங்க" என்றாள். தம்பி சாப்பிட்டான். எனக்கு இறங்கவில்லை.

அந்தக் கேள்வியை அதற்கப்புறம் மூன்று வருடத்துக்கு மேல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சபைக்குப் போய்வந்தேன். வேலூரில் அர்ப்பணிப்பைப் பற்றிப் பிரசங்கம் என்றால் ஐடா ஸ்கடர் அம்மையார் வராமல் இருக்க மாட்டார். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனைக்கு உதவி கேட்டு வந்தும், ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாதென்று திரும்பிப்போய், மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் அமெரிக்கா போய்ப் படித்து, டாக்டராக 1900-ல் இங்கே வந்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. கேட்கும்போதெல்லாம் கண் கலங்கும். ஆனால் அந்த அம்மையாரின் கதை எனக்கு வசதியாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் விட்டது தன்னுடைய எதிர்காலத்தை. யாரிடமிருந்தோ எடுத்ததைத் திருப்பித் தரவேண்டிய நிலை அவருக்கு இல்லை. அதனால் அவர் கதையைக் கேட்டு அழுதுவிட்டு நான் நிம்மதியாக வீட்டுக்கு வரலாம்.

திருப்பத்தூரில் வேலை பார்த்தபோது கிறிஸ்துகுல ஆசிரமத்துக்குப் போயிருக்கிறேன். 1921-ல் சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கியது. இரண்டாமவர் ஸ்காட்லாந்தில் பெரும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. இங்கே வந்து கதர் கட்டினார், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஊர்க்காரர்கள் ஒருவரைப் பெரியண்ணன் என்றும் மற்றவரைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். கோயில் கோபுரம் போலவே இருக்கும் அந்த ஜெபாலயத்தின் நிழலில் உட்கார்ந்து, அண்ணன் என்ற சொல்லுக்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருக்கிறதே என்று நினைத்தது உண்டு. இளவயது, நினைத்ததோடு சரி.

என்னை உண்மையில் உலுக்கியது வனத்து அந்தோணியார். எங்கள் சபையில் அவரைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். கத்தோலிக்க நண்பர் ஒருவர் வீட்டில் படித்தேன். பதுவை அந்தோணியார் அல்ல, இவர் அவருக்குத் தொள்ளாயிரம் வருடத்துக்கு மேல் முந்தியவர், எகிப்துக்காரர். இருபது வயதுக்குள் தாய் தகப்பன் இறந்து, சொத்தும் ஒரு தங்கையும் இவர் கையில். ஒருநாள் ஆலயத்தில், உனக்கு உண்டானதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற வசனம் வாசிக்கிறார்கள். நேரே வீட்டுக்குப் போய் நிலத்தையெல்லாம் ஊராருக்குக் கொடுத்துவிடுகிறார். எவ்வளவு நிலம் என்று போட்டிருக்கிறது: 300 அரூரா. அரூரா என்பது அந்த ஊர் நில அளவு, நம் கணக்கில் ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கைக் கொஞ்சம் தாண்டும். ஆக 200 ஏக்கருக்கு மேல். (அளவு என்று ஒன்று கண்ணில் பட்டால் மாற்றிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.) மற்ற பொருளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார், தங்கைக்கென்று கொஞ்சம் எடுத்துவைத்தார். இன்னொரு நாள், நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்ற வசனத்தைக் கேட்டு அதையும் கொடுத்துவிட்டு, தங்கையைக் கன்னிப்பெண்கள் வாழும் இடத்தில் சேர்த்துவிட்டு வனத்துக்குப் போனார். அந்தத் தங்கையின் பெயர் அதில் இல்லை. பிற்காலத்தில் அவளும் பல பெண்களுக்குத் தலைவியாக இருந்தாள் என்று ஒரு வரி வருகிறது, நல்லபடியாகத்தான் வாழ்ந்திருக்கிறாள். ஆனாலும் தகப்பன் சொத்தில் தனக்கு என்ன வேண்டும் என்று அவளை யாராவது கேட்டார்களா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்தோணியார் பெரிய மகான். அவரோடு என்னை ஒப்பிடவில்லை. அவர் தங்கைக்கென்று வைத்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார், நான் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் தெரு மளிகைக் கடையில் ஒரு நோட்டு தொங்கும். பற்று நோட்டு. யார் பெயரில் எவ்வளவு பற்று என்று எழுதியிருப்பார்கள். கட்டுரையில் "பற்றுகளைத் துறப்போம்" என்று படித்தபோது எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது. கடையில் போய், "அண்ணாச்சி, என் பற்றைத் துறந்துவிட்டேன்" என்றால் விடுவாரா? என் நிலப்பற்றில் 22 செண்ட் அந்த மாதிரிப் பற்று. தங்கை பங்கான 44-ல் பாதி என் கையில் இருக்கிறது, பாதி தம்பி கையில். 22-ஐத் தங்கையிடம் கொடுப்பதற்கு ஒப்புக்கொடுத்தல் என்று பெரிய பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை. சகேயு வீட்டுக்கு இயேசு போனபோது அவன், ஏழைகளுக்குப் பாதி கொடுக்கிறேன் என்றதோடு நிறுத்தவில்லை, அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காகத் திருப்புகிறேன் என்றும் சொன்னான். முதல் பாதியை நம் சபைகளில் மைக்கில் கேட்கிறோம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 2,000 ரூபாய்க்கு எடுத்துவிட்டு, என் பெயரைச் சொல்வார்களா என்று காது கொடுத்து நின்றவன் நான். இரண்டாம் பாதிக்கு ஏலம் கிடையாது.

அரசு ஊழியர்களுக்குச் சரண்டர் என்றால் என்ன என்று தெரியும். ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துவிட்டுச் சம்பளமாக வாங்கிக்கொள்வது. கொடுத்த மாதிரியும் இருக்கும், கைக்குக் காசும் வரும். என் ஆவிக்குரிய வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடியிருக்கிறது.

சரி, என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் ஜனவரியில் தம்பியிடம் போய், அந்த 3 அடியை நீயே வைத்துக்கொள் என்றேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுல ஏதோ சர்வேயர் வேலை இருக்குது" என்றான். தங்கையின் 22 செண்ட்டைப் பற்றி அவனிடம் பேசினேன். யோசிக்கிறேன் என்றான். அவன் யோசிக்கட்டும். அவன் சொத்துக்கு நான் பங்கிடுகிறவன் அல்ல.

லெந்து தொடங்கிய வாரத்தில் என் பங்கிலிருந்து 22 செண்ட்டைத் தங்கை பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுத ஏற்பாடு செய்தேன். பத்திரம் எழுதுபவரிடம் சொத்து விவரத்தை நானே வரி வரியாகச் சொன்னேன். நான்கு எல்லை, அளவு, மாமூல் வழிநடைப் பாத்தியம், எல்லாம் சுத்தமாக. வீட்டில் தினமும் இதே பேச்சு. ஒருநாள் மனைவி அரிசி புடைத்துக்கொண்டே, "நிலத்தைக் குடுக்கப் போறீங்க, சரி. குடுக்கறேன் குடுக்கறேன்னு சொல்றதை எப்ப விடப் போறீங்க?" என்றாள். இந்தக் கடிதத்தைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. அதனால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தம்பியும் தங்கள் பத்திரிகைதான் வாங்குகிறான்.

பத்திர நகலை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டு போய்த் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். ஒருவேளை நான் அழுவேன் என்றும் நினைத்தேன். கைத்துண்டுகூட எடுத்துப் போயிருந்தேன். அவள் நிதானமாகக் கேட்டாள். முடித்ததும், "மேல்பக்கமா எழுதியிருக்கே, அது மேட்டு நிலமாச்சே. கிணறு எந்தப் பக்கம்ணா?" என்றாள்.

கிணறு என் பக்கம். மூன்று தென்னையும் என் பக்கம். மேல்கோடியில் கல்லும் கரம்பும், மல்லாட்டைகூடச் சரியாக இறங்காத இடம். சத்தியமாகச் சொல்கிறேன், திட்டம் போட்டு எழுதவில்லை. புலப்படத்தை விரித்தபோது பென்சில் தானாக அங்கே போய்விட்டது. கிணற்றிலும் மோட்டாரிலும் பாகம் எழுதவேண்டும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த வரி மட்டும் மறந்துபோயிருக்கிறது.

ஆபிரகாம் லோத்தைப் பிரிந்தபோது, பெரியவன் அவன், நீ இடது பக்கம் போனால் நான் வலது பக்கம் போகிறேன் என்று சின்னவனுக்குத் தெரிவைக் கொடுத்தான். லோத்து தண்ணீர் வளமான பக்கத்தைப் பார்த்து எடுத்தான், ஆபிரகாம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த நகலைக் கிழித்தாயிற்று. வருகிற சனிக்கிழமை காலையில் தங்கையை நிலத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எங்கே நிற்கிறாளோ அங்கேயிருந்து 22 செண்ட். தம்பியும் வேடிக்கை பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறான். கோலும் முளையும் அவள் கையில். நான் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்கிற பக்கம் ஓடவேண்டும். முப்பத்துநாலு வருடத்தில் ஒருநாளும் செய்யாத செயின்மேன் வேலை. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
காட்பாடி.